பழைய கார் அழகை வீட்டுக்குள் கொண்டுவருவது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வேலூர் சத்துவாச்சாரியில் வீட்டு உள்வேலை எடுத்துச் செய்கிறவன் நான். அப்பா காட்பாடி ஸ்டேஷன் வாசலில் அம்பாசடர் டாக்ஸி ஓட்டியவர். ரயிலை விட்டு இறங்கும் நோயாளிகளை சி.எம்.சி. ஆஸ்பத்திரியில் கொண்டுபோய் விடுவதுதான் பெரும்பாலும் சவாரி. அந்த வண்டியின் பின்சீட்டில் வளர்ந்ததாலோ என்னவோ, நான் செய்யும் அலமாரியிலும் சோபாவிலும் அதன் சாயல் எங்காவது வந்து உட்கார்ந்துவிடுகிறது. அதைப் பார்த்துவிட்டு வருகிறவர்கள் கேட்பதெல்லாம் திரும்பத் திரும்ப அதே கேள்விகள். போனில் சொல்லிச் சொல்லி அலுத்துப்போய் இங்கே எழுதிவைக்கிறேன். கேள்விகளை அவரவர் கேட்டபடியே விட்டிருக்கிறேன்.

அண்ணா, கார் மாதிரி வீடுன்னா இன்னா? ஹால்ல ஸ்டியரிங் மாட்டி வைக்கிறதா?

இல்லை. சுவரில் ஸ்டியரிங், தூணில் வீல் கப் என்று மாட்டினால் அது நெடுஞ்சாலை ஓட்டல் மாதிரி ஆகிவிடும். முதல் வாரம் பார்ப்பீர்கள், இரண்டாம் வாரம் ஒட்டடை அடிப்பீர்கள். காரின் பாகம் வேண்டாம். அந்தக் காரை வரைந்தவன் எடுத்த முடிவுகள்தான் நமக்கு வேண்டும்.

ஓர் உதாரணம். பழைய அம்பாசடரைப் பக்கவாட்டில் நின்று பாருங்கள். ஹெட்லைட்டில் கிளம்பும் ஒரு கோடு கதவுகளைத் தாண்டிப் பின்விளக்குவரை போகும். கண் அந்தக் கோட்டிலேயே ஓடுகிறது. இப்போது உங்கள் ஹாலுக்கு வாருங்கள். டிவி பலகை ஒரு உயரம், ஜன்னல் அடிக்கட்டை இன்னொரு உயரம், ஷோகேஸ் வேறு, சுவிட்ச் போர்டு வேறு. கண் எதைப் பிடித்துக்கொண்டு போகும்? ஜன்னல் அடிக்கட்டை உயரத்தில் சுவரைச் சுற்றி ஒரு நூல் பிடித்து, புதிதாக வரும் எல்லாவற்றையும் அந்த நூலில் நிறுத்தச் சொல்லுங்கள். காசு செலவில்லாத கார் டிசைன் அதுதான்.

எந்தக் காரைப் பார்த்து ஆரம்பிக்கிறது? எனக்கு கார் பத்தி ஒண்ணும் தெரியாது.

நம் ரோட்டில் ஓடிய மூன்று போதும். முதலாவது அம்பாசடர். இங்கிலாந்தின் மாரிஸ் ஆக்ஸ்ஃபோர்டு மூன்றாம் வரிசையை எடுத்து, 1950-களின் கடைசியில் தொடங்கி 2014 வரை வங்காளத்தின் உத்தரபாராவில் செய்தார்கள். உருண்டை, கனம், நிதானம். இரண்டாவது ஃபியட். பம்பாயில் பிரீமியர் கம்பெனி 1964-லிருந்து ஃபியட் 1100 டிலைட்டைச் செய்து, பிற்பாடு பத்மினி என்று பெயர் மாற்றியது. அதன் கோடுகள் நேர்கோடுகள், விளிம்புகள் மடிப்பு வைத்த வேட்டி போல. மூன்றாவது நம்ம மெட்ராஸில் செய்த ஸ்டாண்டர்டு ஹெரால்டு. அதன் மூலமான ட்ரையம்ஃப் ஹெரால்டை வரைந்தவர் இத்தாலிக்காரர் ஜியோவானி மிக்கெலோட்டி. மூன்றில் சின்னது, மெலிசு.

உங்கள் வீட்டுக்கு எது ஒத்துவரும் என்று என்னைக் கேட்பதைவிட, மூன்றின் படத்தையும் பார்த்து எது பிடிக்கிறது என்று நீங்களே சொல்லிவிடலாம். உருண்டை பிடித்தவர் வீட்டில் நேர்கோட்டு மரச்சாமான் நிற்காது, அவ்வளவுதான். கோயம்புத்தூர் போகிறவர்கள் அவிநாசி ரோட்டிலுள்ள ஜீடீ கார் மியூசியத்தில் ஒரு மதியத்தைச் செலவழித்தால் இந்தப் பக்கத்தைப் படிப்பதைவிட அதிகமாகத் தெரிந்துகொள்வீர்கள்.

இதெல்லாம் இப்ப வந்த ஃபேஷன்தானே? நாலு வருஷத்துல பழசாயிடுமே?

நூறு வருஷத்துப் பழக்கம் இது. கட்டடக் கலைஞர் லெ கொர்புசியே 1920-களின் தொடக்கத்திலேயே தான் வரைந்த வீட்டு மாதிரிக்கு சிட்ரோயன் காரை நினைத்து 'சிட்ரோஹான்' என்று பெயர் வைத்தார். 1962-ல் இத்தாலியின் காஸ்டிக்லியோனி சகோதரர்கள் கார் ஹெட்லைட் ஒன்றை நீளக் கம்பியின் உச்சியில் வைத்து 'டோயோ' என்ற தரைவிளக்கைச் செய்தார்கள். லண்டனில் வடிவமைப்பாளர் ரான் அராட் 1981-ல் பழைய இரும்புக் கிடங்கில் கிடந்த ரோவர் கார் சீட்டைக் குழாய்ச் சட்டத்தில் பொருத்தி நாற்காலி ஆக்கினார். அது இன்று சேகரிப்பாளர்கள் தேடும் பொருள்.

அவ்வளவு தூரம் போவானேன். 1950, 60-களில் கட்டிய மாடி வீடு உங்கள் தெருவில் ஒன்றிரண்டாவது மிச்சம் இருக்கும். பால்கனி முனை வட்டமாகத் திரும்பியிருக்கும். கைப்பிடிச் சுவரில் படுக்கைவாட்டில் மூன்று கோடு ஓடும். ஓடாத வீட்டுக்கு எதற்கு வேகக்கோடு? 1930-களில் கார், ரயில், கப்பல் எல்லாவற்றையும் காற்றைக் கிழிக்கும் வடிவில் வரைந்த மோகம் கொத்தனார் கரணைவரைக்கும் வந்து சேர்ந்ததன் அடையாளம் அது. கிரைஸ்லர் கம்பெனி 1934-ல் அந்த மோகத்தில் ஏர்ஃப்ளோ என்ற காரை விட்டது. அது விற்கவில்லை. ஆனால் அந்த வளைவு நம் பால்கனியில் தங்கிவிட்டது.

எங்க வீட்டுக்காரர் ஹால் முழுக்க சிவப்பு வேணும்ங்கறார், ஃபெராரி மாதிரி. அடிக்கலாமா அண்ணா?

வேண்டாம் என்று நான் சொன்னதாகவே சொல்லுங்கள். சிவப்பு காரில் அழகாகத் தெரிவதற்குக் காரணம் அந்த உடம்பின் வளைவு. வெயில் படும் இடத்தில் ஆரஞ்சு, அடிப்பக்கம் இருட்டில் மெரூன் என்று ஒரே பெயிண்ட் நாலு நிறம் காட்டும். தட்டைச் சுவரில் அந்த விளையாட்டு கிடையாது. ஒரே சிவப்பு, சத்தமாக. அதுவும் மே மாதம் நாற்பது டிகிரியைத் தாண்டும் ஊரில்.

பழைய காரில் மூன்றே சங்கதிதான்: உடம்பு, சீட்டு, பட்டி. உடம்பு வெளுத்த நிறம், கிரீமோ கடல்பச்சையோ. சீட்டு அடர்த்தி, மெரூனோ பழுப்போ. பட்டி என்றால் உலோகக் கோடு. வீட்டிலும் சுவர்தான் உடம்பு, துணியும் மெத்தையும் சீட்டு, கைப்பிடி கொக்கி குழாய் எல்லாம் பட்டி. உங்கள் வீட்டுக்காரரின் சிவப்பைச் சீட்டுக்குக் கொடுங்கள்: ஒரு நாற்காலி, அல்லது ஒரு அலமாரிக் கதவு. உங்கள் வீட்டில் பழைய மொசைக் தரை இருந்தால், தயவுசெய்து அதை உடைத்து டைல்ஸ் போடாதீர்கள். இந்தக் கார்கள் ஓடிய காலத்துத் தரை அது. பாலிஷ் மெஷின் ஓட்டினாலே போதும்.

பழைய கார்ல மேல ஒரு கலர் கீழ ஒரு கலர் இருக்குமே, அந்த மாதிரி சுவர்ல அடிச்சா கவர்மென்ட் ஆஸ்பத்திரி மாதிரி ஆயிடாதா?

ஆகும், ஒரு தப்பு செய்தால். ஆஸ்பத்திரிச் சுவரில் கீழே பச்சை ஆயில் பெயிண்ட், மேலே வெள்ளை, நடுவில் ஒரு விரல் அகலத்துக்குக் கறுப்புக் கோடு இருக்கும். இரண்டு நிறமும் பாதிப் பாதி. காரில் அப்படிப் பாதியாகப் பிரிக்க மாட்டார்கள். ஒன்று பெரியது, ஒன்று சின்னது. கூரை மட்டும் வெள்ளையாக இருக்கும், அல்லது பக்கவாட்டில் ஒரு சாய்ந்த பட்டை மட்டும். சுவரிலும் மூன்றில் ஒரு பங்குக்குக் கீழே நிறுத்துங்கள்.

இரண்டு நிறம் சேரும் இடத்தில் காரில் ஏன் குரோம் பீடிங் ஓடுகிறது? அலங்காரத்துக்கு என்றுதான் எல்லோரும் நினைக்கிறோம். பெயிண்ட் விளிம்பு எவ்வளவு ஒழுங்காக டேப் ஒட்டி அடித்தாலும் கொஞ்சம் பிசிறும். அந்தப் பிசிறை மறைக்கும் வேலை பீடிங்குக்கு. சுவரிலும் அப்படியே செய்யலாம்: அரை அங்குல எஸ்.எஸ். (ஸ்டெயின்லெஸ் ஸ்டீல்) பட்டியோ பித்தளைப் பட்டியோ. நான் முன்னே சொன்ன ஜன்னல் நூல் உயரத்தில் அது ஓடினால் ஒரே கல்லில் இரண்டு மாங்காய்.

கார்பென்டர் டூகோ டூகோங்கறார். அது காருக்கு அடிக்கிறதுதானே? வீட்டுக்கு எதுக்கு?

அவர் சொல்வது சரி, ஆனால் அவருக்கே கதை தெரிந்திருக்காது. டூகோ என்பது டூபாண்ட் கம்பெனி 1920-களில் கொண்டுவந்த நைட்ரோசெல்லுலோஸ் லேக்கரின் பெயர். அதற்கு முன் காருக்கு வார்னிஷ் அடித்துக் காயவைக்கவே வாரக்கணக்கில் ஆனது. இது மணிக்கணக்கில் காய்ந்தது, பல நிறத்தில் கிடைத்தது. ஜெனரல் மோட்டார்ஸ் அதை வாரி எடுத்துக்கொண்டது. எதிர்முனையில் ஃபோர்டு 1914 முதல் 1925 வரை மாடல் டி காரைக் கறுப்பில் மட்டுமே விற்றுக்கொண்டிருந்தது. நிறத்தைக் காட்டி ஃபோர்டின் வாடிக்கையை இழுத்ததில் இந்தப் பெயிண்டுக்குப் பெரிய பங்கு உண்டு.

இன்று நம்மூரில் டூகோ என்றால், எம்.டி.எஃப். (மரநாரை அழுத்திச் செய்த) பலகைக்கு ஸ்ப்ரே கன்னில் அடிக்கும் மூட்டுத் தெரியாத வழவழப்பு. டப்பாவில் இருப்பது பெரும்பாலும் பி.யு. (பாலியூரிதேன்) பெயிண்ட்தான், பெயர் மட்டும் பழசு. அது நல்லதுக்குத்தான். பழைய நைட்ரோசெல்லுலோஸ் வெள்ளை வருஷம் போகப் போக மஞ்சளடிக்கும். கொட்டேஷனில் 'டூகோ' என்று மட்டும் எழுதியிருந்தால், எந்தப் பெயிண்ட், எத்தனை கோட் என்று எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

பாட்டி காலத்து இரும்பு பீரோ இருக்கு. கார் பட்டறையில குடுத்து பெயிண்ட் அடிச்சா நல்லா வருமா?

இந்தப் பக்கத்திலேயே எனக்குப் பிடித்த கேள்வி. வரும், பிரமாதமாக வரும். பீரோவும் பழைய காரும் ஒரே சாதி: மடக்கிய இரும்புத் தகடு, உருட்டிய மூலை, குரோம் கைப்பிடி. நம் வீடுகளில் கார் டிசைன் எப்போதோ நுழைந்துவிட்டது, அதை மூலையில் தள்ளி மேலே சூட்கேஸ் அடுக்கி வைத்திருக்கிறோம்.

பெங்களூர் ரோட்டுப் பக்கம் ஒரு டிங்கர் பட்டறையில் நான் முதன்முதலாகச் செய்த பீரோ இப்படி நடந்தது. முதலில் கண்ணாடி, பூட்டு, கைப்பிடி எல்லாம் கழற்றினோம். நெளிந்த கதவை உள்பக்கம் மரக்கட்டை வைத்துத் தட்டி நிமிர்த்தினார் டிங்கர். துருவைச் சுரண்டி, முரட்டு உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, பிரைமர் அடித்தார்கள். பிறகு பள்ளம் நிரப்பும் புட்டி. பெயிண்டர் கண்ணை மூடிக்கொண்டு உள்ளங்கையால் கதவைத் தடவிக்கொண்டே போய், "இங்க ஒரு பள்ளம்" என்று சாக்பீஸில் சுழித்தார். நான் குனிந்து, நிமிர்ந்து, டார்ச் அடித்தும் எனக்குத் தெரியவில்லை. அவர் புட்டி வைத்துத் தேய்த்த பிறகு என் கையையும் வைத்துப் பார்க்கச் சொன்னார். அப்போதுதான் முன்பு பள்ளம் இருந்தது என்பதே புரிந்தது. அப்புறம் தண்ணீர் விட்டு வாட்டர் பேப்பரில் தேய்ப்பு, வெளிர்பச்சை மூன்று கோட், மேலே கிளியர் கோட்.

கெடுத்தது நான்தான். வீட்டுக்காரர் விசேஷத்துக்குள் வேண்டும் என்று அவசரப்படுத்தினார், நானும் சரியென்று இரண்டாம் நாளே பொருத்திக் கொடுத்துவிட்டேன். கதவு மடிப்பில் பழைய பெயிண்டைச் சுரண்டாமல் மேலேயே அடித்திருந்ததால் இடைவெளி அடைத்துக்கொண்டது. மூடிய கதவு திறக்கவில்லை. உள்ளே பட்டுப்புடவைகள். ஸ்க்ரூ டிரைவர் வைத்து நெம்பியதில் புதுப் பெயிண்ட் நகக்கண் அளவு பெயர்ந்தது. ஆகவே மூன்று விஷயம்: கதவு மடிப்பையும் கீல் பக்கத்தையும் பழைய பெயிண்ட் போகச் சுரண்டச் சொல்லுங்கள், பட்டறையிலேயே ஒரு வாரம் திறந்து காயவிடுங்கள், தின்னர் வாடை போகும்வரை படுக்கையறையில் வைக்காதீர்கள்.

மூலையெல்லாம் வளைவா கேட்டா ஆசாரி ரெண்டு பங்கு கூலி கேக்கறார். அவ்ளோ அவசியமா?

எல்லா மூலைக்கும் அவசியமில்லை. காரில் மூலை உருண்டது அழகுக்கு மட்டுமல்ல. தகட்டைக் கூர்மையாக அழுத்தி மடித்தால் கிழியும், கூர் விளிம்பில் பெயிண்டும் நிற்காது. ப்ளைவுட்டுக்கு அந்தக் கஷ்டமே இல்லை. அதற்கு நேர் மூலைதான் இயல்பு. வளைக்க வேண்டுமென்றால் வளையும் ப்ளை வாங்கணும், இல்லையென்றால் பலகையின் பின்பக்கம் வரிசையாக ரம்பக்கீறல் போட்டு மடக்கணும். சாதாரண ஒரு மில்லிமீட்டர் லேமினேட் குறுகிய வளைவில் வெடிக்கும், அதற்கென்று மெல்லிய வகை தனி. ஆசாரி கூடக் கேட்பதில் நியாயம் இருக்கிறது.

உடம்பு இடிக்கும் மூலைகளை மட்டும் வளையுங்கள்: நடைவழியை ஒட்டிய அலமாரி முனை, சாப்பாட்டு மேசை, சமையல் மேடை ஓரம். குழந்தை இருக்கும் வீட்டில் இதற்குப் பேரமே பேசாதீர்கள்.

குரோம் பளபளப்பு இல்லாம கார் லுக் வருமா? பழைய பம்பரை ப்ளேட்டிங் போட்டு ஷெல்ஃப் ஆக்கலாம்னு இருக்கேன்.

பம்பர் ஷெல்ஃப் மேல் எதுவும் நிற்காது, உருண்டு விழும். நானே ஒரு முறை மாட்டி, மறுநாள் காலையில் வீட்டுக்காரம்மாவின் கண்ணாடி ஜாடிக்குப் பதில் சொன்னேன். கீழே கொக்கி வைத்துத் துணி, பை மாட்டும் தாங்கியாக வேண்டுமானால் போடலாம்.

ப்ளேட்டிங் பற்றி வேலூர் மாவட்டத்துக்காரருக்கு நான் விளக்க வேண்டியதில்லை. அலங்கார குரோம் தொட்டியில் காலங்காலமாகப் பயன்பட்டுவருவது ஆறு இணைதிறன் குரோமியம், புற்றுநோய் தருவது. ராணிப்பேட்டையில் குரோமியக் கழிவு மலையாகக் குவிந்து நிலத்தடி நீரில் இறங்கிய கதை ஊரறிந்தது. ஒரு கைப்பிடிக்காக, கழிவைச் சாக்கடையில் விடும் பட்டறைக்கு வேலை கொடுக்க எனக்கு மனசு வராது. பொருளில் ஏற்கெனவே இருக்கும் பழைய குரோமைத் துடைத்து வைத்துக்கொள்ளுங்கள். புதிதாக வேண்டியதற்கு 304 எஸ்.எஸ். பளபளா பாலிஷில் வாங்குங்கள். இரண்டடி தள்ளி நின்று பார்த்தால் வித்தியாசம் தெரியாது. நம்மூர் போர் தண்ணீர் பட்டால் இரண்டிலும் வெள்ளை உப்புத் திட்டு விழும், ஈரத்தை உடனே காய்ந்த துணியால் ஒற்றிவிடணும்.

ஆம்பூர், பேரணாம்பட்டு பக்கத்துலயே இருக்கே, கார் சீட் மாதிரி சோபாவுக்குத் தோல் போட்டா சீப்பா முடியாதா?

முதலில் ஒரு ரகசியம். நீங்கள் ஞாபகத்தில் வைத்திருக்கும் அம்பாசடர் சீட் தோல் அல்ல, ரெக்சின். ரெக்சின் என்பதே ஓர் ஆங்கிலேயக் கம்பெனியின் சரக்குப் பெயர். துணியின் மேல் நைட்ரோசெல்லுலோஸ் கலவை பூசித் தோல் மாதிரி அச்சு ஏற்றுவார்கள். ஆமாம், மேலே டூகோவில் பார்த்த அதே சங்கதி. அந்தக் காலக் காரின் வெளியே பெயிண்டாகவும் உள்ளே சீட்டாகவும் ஒரே ரசாயனம் உட்கார்ந்திருந்தது. இப்போது ரெக்சின் என்று கிடைப்பது பி.வி.சி. பூச்சு.

தோலே வேண்டும் என்றால்: நம் பக்கத்துச் சரக்கு பெரும்பாலும் செருப்பு, ஷூ, கையுறை, ஜாக்கெட்டுக்கானது. ஆட்டுத்தோல் ஒன்று நாலைந்து சதுர அடிதான் வரும். சோபாவுக்கு மாட்டுத்தோல், எருமைத்தோல் பெரிய துண்டாகத் தேடணும். சின்னத் துண்டுகளே கிடைத்தால் மூட்டை மறைக்காதீர்கள், காட்டுங்கள். கார் சீட்டில் மூட்டுக்கு மூட்டு பைப்பிங் (உள்ளே கயிறு வைத்துத் தைத்த விளிம்பு) ஓடுவது அதற்குத்தான்: தையல் தேயாமல் அந்தக் கயிறு தேய்மானத்தைத் தாங்கும், தேய்ந்தால் அதை மட்டும் மாற்றலாம். ஆவாரம்பட்டை, கடுக்காய் போட்டுப் பதப்படுத்திய பழைய முறைத் தோல் கிடைத்தால் நாற்காலி இருக்கைக்கு விடாதீர்கள். வெளிச்சம் பட்டு வருஷத்துக்கு வருஷம் கறுத்துக் கறுத்து அழகாகும். ஜன்னலோரம் மட்டும் வேண்டாம், திட்டுத் திட்டாகக் கறுக்கும்.

இன்னொன்று, வியர்வை. சித்திரை வெயிலில் தோலோ ரெக்சினோ முதுகில் ஒட்டி எழும்போது 'பர்ர்' என்று உரியும். கலெக்டர் அம்பாசடரின் பின்சீட்டில் வெள்ளை டர்க்கி டவல் விரித்திருந்ததை அந்தஸ்து என்று நினைத்தோம், அது வியர்வைக்கான வைத்தியமும்கூட. குடியாத்தம் கைத்தறித் துணியில் சாய்மானத்துக்கு மட்டும் ஓர் உறை தைத்துப் போடுங்கள். அழுக்கானால் துவைக்கலாம்.

ஹெட்லைட்டை வால் லைட்டா மாட்டலாமா? ஷாக் அடிக்குமா?

மாட்டலாம். அம்பாசடர் ஹெட்லைட் ஏழு அங்குல வட்டம், சுவருக்கு நல்ல அளவு. உள்ளே இருக்கும் ஹாலஜன் பல்பை எடுத்துவிட்டு 12 வோல்ட் எல்.இ.டி. போட்டு, நல்ல அடாப்டரில் ஓட்டுங்கள். ஹாலஜன் அறுபது வாட் வரை எரியும், அறைக்குள் கண் கூசும், கண்ணாடி சுடும். சிலர் இரும்புக் கிண்ணத்துக்குள் நேரடியாக வீட்டு 230 வோல்ட் ஹோல்டரைத் திணிக்கிறார்கள். எர்த் கொடுக்காமல் அதைச் செய்து, உள்ளே ஒயர் கிண்ணத்தில் பட்டால் ஷாக் அடிக்கும், சந்தேகமே வேண்டாம்.

அந்தக் கண்ணாடியை ஒரு நிமிஷம் கையில் வைத்துப் பாருங்கள். உள்பக்கம் நெளிநெளியாக வரி இருக்கும். வெளிச்சத்தை ரோட்டில் பரப்ப வேண்டிய இடத்தில் பரப்பி, எதிரே வருகிறவன் கண்ணில் அடிக்காமல் வளைப்பது அந்த வரிகள். ஹெட்லைட் வாங்காமலே இதை வீட்டுக்குள் கொண்டுவரலாம்: வரி போட்ட கண்ணாடியை அலமாரிக் கதவுக்கோ பூஜையறைத் தடுப்புக்கோ போடுங்கள். வெளிச்சம் வரும், உள்ளே கிடக்கும் கந்தல் தெரியாது.

எங்க வூடே ஐந்நூறு சதுர அடி. இதெல்லாம் பங்களாக்காரங்களுக்குத்தானே?

தலைகீழாகச் சொல்கிறீர்கள். ஐந்து பேரை ஒரு தகரப் பெட்டிக்குள் முழங்கால் இடிக்காமல் உட்காரவைப்பதுதான் கார்க்காரனின் முழுநேர வேலை. பங்களாக்காரர் அவனிடம் கற்றுக்கொள்ள அவ்வளவு இல்லை, உங்களுக்குத்தான் நிறைய.

கார் வடிவமைப்பாளர் அலெக் இஸிகோனிஸ் 1959-ல் மினி காரைச் செய்தார். மொத்த நீளமே பத்தடி. எஞ்சினைக் குறுக்காகத் திருப்பி வைத்தார், சக்கரத்தைப் பத்து அங்குலமாகச் சுருக்கினார், கதவுக் கண்ணாடியை இறக்காமல் பக்கவாட்டில் தள்ளவைத்தார். கண்ணாடி இறங்காததால் கதவின் வயிறு காலியானது, அங்கே பெரிய பை வைத்தார். இதை வீட்டுக்குப் பெயர்த்தால்: கட்டிலைக் குறுக்காகத் திருப்பினால் நடைவழி கிடைக்குமா என்று சாக்பீஸில் தரையில் வரைந்து பாருங்கள். கதவு ஒவ்வொன்றின் உள்பக்கமும் நாலு அங்குல ஆழத் தட்டு வையுங்கள், மருந்து, மசாலா, குழந்தை சாக்ஸ் எல்லாம் அங்கே போகும்.

ஹெரால்டிடமும் ஒரு பாடம் உண்டு. அதன் முன்பக்கம் மட்கார்டோடு சேர்த்து ஒரே மூடியாகத் திறக்கும், மெக்கானிக் டயர்மேல் உட்கார்ந்துகொண்டு வேலை பார்க்கலாம். நம் வீட்டில் சிங்க் அடியில் குழாய் ஒழுகினால் அலமாரியை உடைக்கிறோம். அடிப்பலகையை இரண்டு காந்தத்தில் நிறுத்தினால் இழுத்து எடுத்துவிடலாம்.

வாடகை வீடுங்க. ஆணி அடிச்சாலே ஓனர் சண்டைக்கு வர்றார்.

அப்படியென்றால் உடம்பை விடுங்கள், சீட்டையும் பட்டியையும் மட்டும் பாருங்கள் (நிறம் பற்றிய கேள்வியில் சொன்ன கணக்கு). சோபா உறையில் பைப்பிங், அலமாரிக்குக் கைப்பிடி மாற்றம், பீரோவுக்குப் பெயிண்ட். காலி செய்யும்போது பழைய கைப்பிடியைத் திரும்ப மாட்டிக் கொடுத்துவிடுங்கள்.

டயர்ல டீப்பாய், பெட்ரோல் டேங்க்ல பூந்தொட்டின்னு வீடியோவுல காட்டறாங்களே?

டயர் வீட்டுக்குள் ரப்பர் வாடை அடிக்கும், வெயில் காலத்தில் இன்னும் அதிகம். வெளியே ஊஞ்சலாகப் போட்டால் அடியில் ஓட்டை போடுங்கள், மழைத்தண்ணீர் நின்றால் டெங்கு கொசு அங்கேதான் முட்டையிடும். பெட்ரோல் டேங்கை மட்டும் வெட்டவோ வெல்டிங் வைக்கவோ வேண்டாம். பத்து வருஷம் காலியாகக் கிடந்த டேங்கிலும் ஆவி தங்கியிருக்கும், ஒரு பொறி போதும். பழைய பிரேக் லைனிங்கையும் தேய்க்காதீர்கள், அந்தக் காலத்தில் அதில் கல்நார் (ஆஸ்பெஸ்டாஸ்) இருந்தது.

இரும்பு சாமான், அதுவும் எந்த வண்டியில அடிபட்டதோ தெரியாது, வீட்டுக்குள்ள ஆகாதுங்கறாங்க மாமியார். என்ன பதில் சொல்றது?

பதில் சொல்லாதீர்கள், வாங்காதீர்கள். சென்னை புதுப்பேட்டைப் பழைய பாகக் கடையில் வாங்கும் பாகம் எந்த வண்டியில் இருந்தது என்று கடைக்காரருக்கே தெரியாது. வீட்டில் தினம் பார்க்கும் பொருளைப் பார்த்து ஒருவருக்கு மனசு நெருடினால் அது அலங்காரம் ஆகாது. பாகமே வேண்டாம் என்று நான் முதல் கேள்வியில் சொன்னதற்கு இதுவும் ஒரு காரணம். சொந்த வண்டியின் பாகம் என்றால் கதை வேறு. எங்கள் வாடிக்கையாளர் ஒருவர் வீட்டில் தாத்தா காரின் ஹெட்லைட்டுக்கு ஆயுத பூஜையன்று முதல் பொட்டு வைப்பதே மாமியார்தான்.

அப்பாவோட அம்பாசடர் ஷெட்ல நிக்குது. டிக்கிப் பக்கத்தை வெட்டி சோபா ஆக்கித் தருவீங்களா?

முதலில் அளவு. அம்பாசடரின் அகலம் ஐந்தரை அடி. உங்கள் தலைவாசல் மூன்றரை அடி. நிமிர்த்திச் சாய்த்து உள்ளே கொண்டுவந்தாலும், பத்துக்குப் பன்னிரண்டு ஹாலில் அது மட்டும்தான் இருக்கும். நீங்கள் வெளியே திண்ணையில்.

அடுத்து சட்டம். வண்டியை இனி ஓடாதபடி அழித்தால் மோட்டார் வாகனச் சட்டம் 55-ஆம் பிரிவுப்படி 14 நாளுக்குள் பதிவு அலுவலகத்தில் தெரிவித்து ஆர்.சி.யை ஒப்படைக்கணும். வெட்டிவிட்டு ஆர்.சி.யைப் பெட்டியில் வைத்திருந்தால், அந்த நம்பரை யாராவது வேறு வண்டியில் ஒட்டிக்கொண்டு போனால் போலீஸ் உங்கள் வாசலுக்கு வரும். எஞ்சினும் சேசிஸ் நம்பர் உள்ள துண்டும் தனியாகக் கைமாறக் கூடாது.

முதல் பதிவாகி ஐம்பது வருஷம் தாண்டிய, பெரிதாக மாற்றாத வண்டி என்றால் வெட்டவே கூடாது என்பேன். 2021-லிருந்து அப்படிப்பட்டவற்றை வின்டேஜ் வண்டி என்று தனியாகப் பதியலாம். நம்பரில் வி.ஏ. என்ற எழுத்து வரும், புதுப் பதிவுக்குக் கட்டணம் இருபதாயிரம், பத்து வருஷம் செல்லும். கண்காட்சி, ராலி, பெட்ரோல் போட, பழுது பார்க்க மட்டும்தான் ரோட்டில் எடுக்கலாம். ஓடும் நிலையில் உள்ள வண்டியை வெட்ட நான் கை வைக்க மாட்டேன். துரு தின்று தரை உதிர்ந்த வண்டி என்றால் கதவுக் கைப்பிடி, ஹெட்லைட், பின்சீட் இவற்றைக் கழற்றிக்கொண்டு மிச்சத்தை அங்கீகரித்த உடைப்பு நிலையத்தில் கொடுத்துச் சான்றிதழ் வாங்குங்கள். பின்சீட்டுக்கு நான் கால் போட்டுத் தருகிறேன்.

உங்க அப்பா வண்டி இன்னா ஆச்சு? அதுலருந்து ஏதாவது வெச்சிருக்கீங்களா?

முழுசாகவே விற்றுவிட்டோம். எனக்கு அப்போது இந்த யோசனையெல்லாம் கிடையாது, ஒரு கைப்பிடிகூடக் கழற்றி வைக்கவில்லை. பின்சீட்டில் விரித்திருந்த டர்க்கி டவல் ஒன்று மட்டும் துவைக்கப் போட்டிருந்ததால் வீட்டில் நின்றுவிட்டது. அம்மா அதைத்தான் கிரைண்டர் மேல் போட்டு மூடுகிறாள்.